பதினேழாம் வளைவு

இந்த மலைப்பாதையில் வளைவுகளுக்குப் பெயர் கிடையாது,
எண்தான்.
வளைவில் பதித்த கல்,
வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே தார்.
ஸ்லோவேனியாவின் வடமேற்கு மூலை,
பனி விழுந்து கணவாயை மூட
இன்னும் பத்து நாள் இருக்கலாம்.
சுற்றுலாப் பேருந்துகள் வருமுன்னே
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
நானும் காஷ்பெரும் ஜாக் போட்டுவிட்டோம்.

குறை இதுதான்:
ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு யோசிக்கிறது.
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று
எழுந்து உள்ளே போகும் தபால் நிலைய எழுத்தர் மாதிரி.
எனக்குத் தெரியும்.
கீழே ஊரில், இரண்டாம் ஜன்னலில்
அந்த எழுத்தர் நான்தான்.
பதில் வருவதற்குள் வளைவு பாதி முடிந்துவிடும்,
முன் டயர் இரண்டும் முனகிக்கொண்டே
வெளிப்பக்கம் நழுவும்.

மூக்கு முரண்டினால் வாலைப் பார், என்றான் காஷ்பெர்.
பின் சக்கரங்களைக் கோத்துக் கட்டும் குறுக்குத் தண்டு,
அதன் கைநுனியில் மூன்று துளை.
வெளித்துளை இளக்கம், உள்துளை இறுக்கம்.
பதினேழாம் வளைவுக்குப் பதினேழாம் ஸ்பேனர்.
உள்துளைக்கு மாற்றினோம்.

எண் பெறாத ஒரு சின்னத் திருப்பம், தார்.
கை நினைக்குமுன் கார் திரும்பியது.
என் முதுகெலும்பின் கடைசிக் கணுவில்
ஆணி அடித்து
அதைச் சுற்றி மலையைச் சுழற்றியதுபோல.
கத்திவிட்டேன்.

பிறகு பதினேழு.
கல்.
இறுக்கிய தண்டு
ஒரு சக்கரத்தின் அடியை மற்றதற்கும் கொடுத்தது.
தடதடவென்று வால் தாவித் தாவி
விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தது.
பைன் மரங்களின் உச்சி தெரிந்தது,
மேலிருந்து.
முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும்.
அந்தக் கழுதைக்கு நான் இன்னும் தவணை கட்டுகிறேன்.

நடுத்துளை.
அதற்குப் பின் டேம்பர்.
முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணித் திறக்க வேண்டும்.
ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று,
இரண்டை மாற்றினால்
எது பேசியது என்று எப்படித் தெரியும், என்றான்.
பின் இருக்கையில் குறுக்கே படுத்து
டேம்பரின் தலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்,
காய்ச்சல் பார்ப்பவன்போல.
இரண்டு கிளிக்: உதறுகிறது.
மூன்று: உதறுகிறது, ஆனால் யோசித்து.
நான்கு.

நான்கில் கல் இருப்பதே தெரியவில்லை.
வாலும் மூக்கும் ஒரே சொல்லைச் சொல்லின.
நான் திருப்பவில்லை, பார்த்தேன்,
பார்த்த இடத்துக்குப் போனோம்.
இருவரும் பேசவில்லை.
அவன் மட்டும் ஏதோ சீழ்க்கையடித்தான்.

ஒரு தடவை வெளியே நின்று பார்க்கிறேன் என்று
வளைவின் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தான்.
நான் தனியே இறங்கினேன்.
தடதட.
அதே துளை, அதே நான்கு,
அதே கல்.
மறுபடி ஏறி மறுபடி இறங்கினேன்,
தடதட.
சுவரிலிருந்து அவன் ஒரு கையைத் தூக்கினான்,
என்ன ஆச்சு என்று.

அச்சுக்கு நேர்மேலே படுத்திருந்த
தொண்ணூற்றோரு கிலோ ஆச்சு.
காரணம் துளையுமல்ல, கிளிக்குமல்ல.
இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம்,
அவன் கொஞ்சம் முன்னதாக நிறுத்தினான்.

உன்னை போல்ட் போட்டு மாட்டவா, என்றேன்.
மாட்டேன், என்றான்,
மாட்டமாட்டாயா மாட்டிக்கொள்ளமாட்டாயா என்று
நான் கேட்கவில்லை.

ஐந்து, ஆறு.
ஏழில் கல் மறைந்தது.
இப்போது அவன் ஏறினால் பின்பக்கம்
ஊஞ்சல்போல அமுங்கி ஆடுகிறது.
பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளலாமா,
ஐந்தரை, என்றான்.
டேம்பரில் அரைக் கிளிக் கிடையாது, காஷ்பெர்.

நோட்டில் எழுதினேன்:
தண்டு, நடுத்துளை.
டேம்பர், ஏழு.
காற்று, இரண்டு புள்ளி ஒன்று.
ஆள், ஒருவர்.

கடைசி வரியை அவன் இரண்டு தடவை படித்தான்.
ஸ்பேனரைத் துடைத்து என் பெட்டியில் வைத்தான்.
இறங்கி வந்த முதல் பேருந்துக்குக்
கை காட்டினான்.